“கோர்ட் ஆர்டர் இருக்கு, போகாதே!” – சாலையில் கூடும் உரிமை எதுவரை?

“நாளைக்குக் கோர்ட் ஆர்டர் இருக்காம். போனா பிடிச்சி உள்ளே போட்டுருவாங்க. பிள்ளைகளை அனுப்பாதீங்க.”

பெரிய பேரணி எது நடந்தாலும், அதற்கு முதல் நாள் இரவு இப்படி ஒரு செய்தி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். யார் எழுதியது, எந்த நீதிமன்றம், யாருக்கு எதிராக என்று ஒருவரும் கேட்பதில்லை. சிலர் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சிலர் “பார்த்துக்கலாம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் அந்த ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

சுங்கை வேயில் இருப்பவர்களுக்குச் சாலை அடைபட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் கூட்டரசு நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் எல்டிபி. நடுவில் சுதந்திர வாணிக வளாகத் தொழிற்சாலைகள். ஷிப்ட் பஸ் அரை மணி நேரம் தாமதமானாலே வருகைப் படிக்காசு போய்விடும். டயாலிசிஸ் செய்யப் போகிறவருக்கும் பிரசவ வலியில் இருப்பவருக்கும் அந்த அரை மணி நேரம் காசைவிடப் பெரியது.

அதே சமயம், மனு கொடுத்து, கடிதம் எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் சாலைக்கு வந்து நின்ற பிறகுதான் நம் குரல் காதில் விழுந்தது என்பதும் நம் சமூகம் கண்ட அனுபவம். இந்த இரண்டில் எதையும் ஒதுக்க முடியாது. சட்டம் இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுகிறது என்பதைப் பார்ப்போம்.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 10(1)(ஆ) பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் கொடுக்கிறது. “குடிமக்கள்” என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரந்தரவாசத் தகுதி மட்டும் உள்ளவர்களுக்கும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது. நம் தோட்டப்புறங்களில் குடியுரிமைச் சிக்கல் தீராத குடும்பங்கள் இன்னும் இருப்பதால், இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து வரும் 10(2)(ஆ) பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்காகவோ பொது ஒழுங்குக்காகவோ இந்த உரிமைக்கு நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. கட்டுப்பாடு எதுவரை கட்டுப்பாடு, எப்போது அது தடையாக மாறுகிறது என்பதுதான் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கு.

முன்பு 1967 போலீஸ் சட்டத்தின் 27ஆவது பிரிவின் கீழ் பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. போலீஸ் கொடுக்காவிட்டால் கூட்டமே சட்டவிரோதம். 2012 ஏப்ரல் 23இல் நடப்புக்கு வந்த அமைதிப் பேரணிச் சட்டம் பெர்மிட்டுக்குப் பதிலாக முன்னறிவிப்பைக் கொண்டு வந்தது. ஆனால் தெரு ஊர்வலத்தை அது முற்றாகத் தடை செய்தது. ஒரு திடலில் நின்று பேசலாம், அங்கிருந்து கூட்டமாக நடந்து போகக் கூடாது. 2019இல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது. 10 நாளாக இருந்த முன்னறிவிப்புக் காலமும் 5 நாளாகக் குறைந்தது.

ஆகவே இன்றைய நிலையில் சாலையில் ஊர்வலம் போவது தன்னளவில் குற்றம் அல்ல. ஆனால் போலீஸ் நேரம், இடம், பாதை ஆகியவற்றுக்கு நிபந்தனை போடலாம். அந்த நிபந்தனையை மீறுவது குற்றம்.

நீதிமன்றத் தடை எங்கிருந்து வருகிறது?

வாட்ஸ்அப்பில் “கோர்ட் ஆர்டர்” என்று வருவது இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் ஆணை. போலீஸ் மனு செய்யும். இடையூறு, உயிராபத்து, கலவரம் போன்றவற்றை உடனே தடுக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் கருதினால், ஒரு செயலைச் செய்யக் கூடாது என்று உத்தரவிடலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உத்தரவிடலாம். பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கும் போடலாம், குறிப்பிட்ட இடத்துக்கு வரும் பொதுமக்கள் அனைவருக்கும் போடலாம்.

தமிழ்நாட்டுச் செய்திகளிலும் சினிமாவிலும் “144 தடை உத்தரவு” என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒரே பிரிட்டிஷ் காலத்துக் குடும்பத்தில் பிறந்தவை. வாசகங்கள்கூட ஏறக்குறைய ஒன்றுதான். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 163 ஆகிவிட்டது. மக்கள் வாயில் அது இன்னும் 144தான்.

இரண்டாம் வகை, சிவில் நீதிமன்றம் பிறப்பிக்கும் தடையாணை. இதைக் கேட்பது பெரும்பாலும் நில உரிமையாளர், நிறுவனம், நெடுஞ்சாலைக் குத்தகையாளர் போன்றவர்கள். “இவர்கள் என் வாசலை மறிக்கிறார்கள், எனக்கு நட்டம்” என்பது வாதம். இதையும் அவசரத்துக்கு ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்த இடைக்காலத் தடை, 2012 நீதிமன்ற விதிகளின்படி 21 நாளில் தானாகக் காலாவதியாகும். அதற்குள் இரு தரப்பையும் வைத்து நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். மனுதாரரும், தடை தவறாகப் பெறப்பட்டது என்று பின்னால் தெரிந்தால் இழப்பீடு தருவேன் என்று உறுதி கொடுக்க வேண்டும்.

மீறினால் வரும் தண்டனையும் வேறு. மாஜிஸ்திரேட் ஆணையை மீறினால் குற்றவியல் சட்டத்தின் 188ஆவது பிரிவில் வழக்கு வரலாம். சிவில் தடையாணையை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு. அதற்கும் சிறைக்குப் போக நேரலாம்.

2007, 2011, 2012

98ஆவது பிரிவை நம்மவர்கள் முதன்முதலில் அறிந்துகொண்டது 2007 நவம்பரில். அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. ஏற்கெனவே பல கோயில்கள் உடைபட்ட கோபம் அதோடு சேர்ந்தது. நவம்பர் 25ஆம் தேதி ஜாலான் அம்பாங்கில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்துக்கு மனு கொண்டு போவதாக இண்ட்ராஃப் அறிவித்தது.

போலீஸ் அதற்கு முன்பே 98ஆவது பிரிவின் கீழ் நீதிமன்ற ஆணை வாங்கியது. தலைவர்களான பி.உதயகுமார், பி.வேதமூர்த்தி, வி.கணபதிராவ் மூவரும் நவம்பர் 23ஆம் தேதி தேச நிந்தனைக் குற்றச்சாட்டில் கிள்ளான் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். கோலாலம்பூருக்கு வரும் சாலைகளில் போலீஸ் தடுப்புகள் போடப்பட்டன.

ஆணை இருந்தும் மக்கள் வந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேல். தோட்டங்களிலிருந்து, தாமான்களிலிருந்து, பலர் முதல் நாள் இரவே பத்துமலைக்கு வந்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்த கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகின்றன. டிசம்பர் 13ஆம் தேதி ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர்.

அப்போது நான் தொடக்கப்பள்ளியில் படித்தேன். எங்கள் வரிசை வீட்டில் யாரிடமும் அந்த ஆணையின் நகல் இல்லை. பெரியவர்கள் “கோர்ட்டே போகாதேன்னு சொல்லிருச்சி” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எந்தக் கோர்ட், எதற்காக என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. சொல்லித்தரவும் ஆளில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

2011 ஜூலை 9 பெர்சே 2.0 பேரணிக்கு முன்பும் இதே வழிதான். 91 பேர் அன்று தலைநகர மையத்துக்குள் வரக் கூடாது என்று போலீஸ் ஆணை வாங்கியது. 2012 ஏப்ரல் 28 பெர்சே 3.0 பேரணியின்போது மூன்றாம் முறை. ஏப்ரல் 28 முதல் மே 1 வரை மெர்டேக்கா சதுக்கத்துக்குள் அம்பிகா சீனிவாசன், முகமட் சாபு உட்பட யாரும் நுழையக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். அமைதிப் பேரணிச் சட்டம் நடப்புக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கூட்டத்துக்கு நிபந்தனை போடும் அதிகாரம் புதிய சட்டத்திலேயே இருந்தும், பழைய 98ஆவது பிரிவு தேவைப்பட்டது.

இந்த மூன்று சம்பவங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆணை பேரணிக்கு மிக அருகில் வருகிறது. எதிர்த்தரப்பு பேச வாய்ப்பு இல்லை. ஆணையை எதிர்த்து மனு செய்து அது விசாரணைக்கு வருவதற்குள் பேரணி நாள் கடந்துவிடுகிறது. சட்டத்தில் மனு செய்யும் வழி இருக்கிறது, ஆனால் காலம் கையில் இல்லை. இடையூறை நீக்குவதற்காக எழுதப்பட்ட ஒரு பிரிவு அரசியல் கூட்டத்தைத் தடுக்கப் பயன்படும்போது வரும் சிக்கல் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாள்களில் தலைநகரின் சாலைகள் அடைபட்டதற்குக் கூட்டம் மட்டும் காரணம் இல்லை. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட தடுப்புகளும் முள்கம்பிகளும் காரணம். சாலையை யார் மறித்தார்கள் என்று கேட்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் பக்கத்துத் திடலில் தொடங்கிய வழக்கு

2013 மே 8ஆம் தேதி, பொதுத்தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், கிளானா ஜெயா அரங்கத்தில் பெரும் கூட்டம் கூடியது. சுங்கை வேயிலிருந்து சில நிமிடப் பயணம்தான். அன்று நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நினைவிருக்கும். பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை என்று அப்போதைய ஸ்ரீ செத்தியா சட்டமன்ற உறுப்பினர் நிக் நஸ்மி நிக் அகமட் மீது வழக்குப் போடப்பட்டது. அமைதிப் பேரணிச் சட்டத்தின் 9(5) பிரிவின்படி அதற்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம்.

2014 ஏப்ரல் 25ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அமைதியாகக் கூடுவது குற்றமல்ல என்று சட்டமே சொல்லும்போது, முன்னறிவிப்புக் கொடுக்காததற்காக மட்டும் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஆனால் 2015 அக்டோபரில் யுனேஸ்வரன் என்ற ஜொகூர் இளைஞர் தலைவரின் வழக்கில், அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு அந்தத் தண்டனை செல்லும் என்றது. ஒரே நீதிமன்றம், இரண்டு பதில்கள். கூட்டம் போட நினைக்கும் சாதாரண மனிதர் எதை நம்புவது?

இந்தக் குழப்பம் 2025 ஜூலை 1ஆம் தேதி தீர்ந்தது. 2022 ஆகஸ்டில் தலைநகர் சோகோ வளாகத்துக்கு முன் நடந்த பேரணி தொடர்பில் குற்றஞ்சாட்டப்பட்ட அமிர் ஹரிரியின் வழக்கில், தலைமை நீதிபதி துங்கு மைமுன் துவான் மாட் தலைமையிலான கூட்டரசு நீதிமன்ற அமர்வு, 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. முன்னறிவிப்பே வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கொடுக்காதவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்றுதான் சொன்னது. முன்னறிவிப்பு கொடுப்பது நமக்கே நல்லது. கொடுத்த பிறகு போலீஸ் மூன்று நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால், அறிவித்தபடியே கூட்டத்தை நடத்தலாம் என்று சட்டம் சொல்கிறது.

மற்ற நாடுகளில்

டில்லி ஷாகின் பாக் சாலையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2020 அக்டோபர் 7ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை உண்டு, ஆனால் பொதுச் சாலையைக் காலவரையின்றிப் பிடித்து வைக்கும் உரிமை இல்லை என்றது. அதே நீதிமன்றம் அதே ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி காஷ்மீர் தொடர்பான வழக்கில், நியாயமான கருத்தையும் குறையையும் சொல்வதை அடக்க 144ஐப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

பிரிட்டனில் 2021 ஜூனில் சீக்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே சாலையை மறித்தாலும், அது எவ்வளவு நேரம், எவ்வளவு இடையூறு என்பதைப் பொறுத்து அது சட்டபூர்வமானதாக இருக்கலாம் என்றது. ஆனால் அதே ஆண்டு இலண்டனைச் சுற்றியுள்ள எம்25 நெடுஞ்சாலையில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தவர்கள்மீது சிவில் தடையாணை வந்தது. அதை மீறிய ஒன்பது பேர் நவம்பரில் மூன்று முதல் ஆறு மாதம் வரை சிறைக்குப் போனார்கள். சாலையில் உட்கார்ந்ததைவிட ஆணையை மீறியதே அவர்களைச் சிறைக்கு அனுப்பியது.

கனடா தமிழர்களுக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2009 மே 10ஆம் தேதி, முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம், டொரோண்டோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஆயிரக்கணக்கானோர் ஏறி உட்கார்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். சில மணி நேரத்தில் இறங்கிவிட்டார்கள். நகரமே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. காரில் சிக்கியவர்கள் பலர் கோபப்பட்டார்கள். இரண்டும் உண்மை. 2022 பிப்ரவரியில் அதே கனடாவில் லாரிக்காரர்கள் அம்பாசடர் பாலத்தைப் பல நாள் மறித்தபோது, கார்த் தொழில்துறையினர் கேட்ட தடையாணை பிப்ரவரி 11ஆம் தேதி கிடைத்தது. இரண்டு நாளில் பாலம் காலியானது.

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் நீதிமன்றங்கள் எடைபோடுபவை ஏறக்குறைய ஒன்றே. எவ்வளவு நேரம் மறித்தார்கள்? மாற்றுவழி இருந்ததா? ஆம்புலன்சுக்கு வழி விட்டார்களா? இடையூறு பேரணியின் பக்கவிளைவா, அல்லது அதுவே நோக்கமா?

நீங்கள் கூட்டம் போட நினைத்தால்

தாமானில் வடிகால் பிரச்சினையோ, தோட்ட வீட்டுப் பிரச்சினையோ, நாளை நீங்களே ஒரு கூட்டம் போட வேண்டி வரலாம். அப்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

• ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்.

• மாவட்ட போலீஸ் தலைவரிடம் 5 நாளுக்கு முன் முன்னறிவிப்பு கொடுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

• மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டுத்தலம், பாலம், இரயில் நிலையம், பெட்ரோல் நிலையம் போன்ற இடங்களிலும் அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக் கூடாது. கோயில் வாசலில் கூட்டம் போடுவது நம் பழக்கம் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

• தொழிற்சங்க மறியல், வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கு அமைதிப் பேரணிச் சட்டம் பொருந்தாது. அவை தொழிலியல் உறவுச் சட்டத்தின் கீழ் வரும். தொழிற்சாலை வாசலில் நிற்பதற்கு முன் சங்கத்தைக் கேளுங்கள்.

• “கோர்ட் ஆர்டர்” என்று யாராவது சொன்னால் நகலைக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை நான்கு: எந்த நீதிமன்றம், யாருக்கு எதிராக, எந்த இடம், எந்தத் தேதிவரை. மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போடப்பட்ட ஆணை உங்கள் தாமான் திடலைக் கட்டுப்படுத்தாது.

• ஆணை உண்மை என்றால் அதை மீறாதீர்கள். அநியாயமாகப் பட்டால், அதை மாற்றவோ நீக்கவோ வழக்கறிஞர் மூலம் மனு செய்யலாம். இடத்தையும் தேதியையும் மாற்றிக்கொள்ளலாம்.

• கைதானால், தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் இலவச வழக்கறிஞர் உதவியைக் கேட்கலாம்.

• கூட்டத்தில் நிற்கும்போது ஒரு தடத்தை எப்போதும் காலியாக விடுங்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் விலகுவதற்கு ஆள் நிறுத்துங்கள். பின்னால் வழக்கு வந்தாலும் இது உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

சைக்கிளிலிருந்து இறங்காதவர்கள்

“மறியல்” என்ற சொல்லுக்கு நம் ஊரில் தடுத்து நிற்பது என்று பொருள். இலங்கையில் அதே சொல் சிறைக்காவலையும் குறிக்கும். விளக்கமறியல் என்பார்கள். சாலையை மறிப்பவனுக்கும் சிறைக்குப் போகிறவனுக்கும் தமிழில் ஒரே வேர்ச்சொல் அமைந்துவிட்டது. அது விதியாகவும் ஆக வேண்டியதில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துச் சாலையில் துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, துருப்புகள் வந்து, தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

இன்று கிள்ளானிலிருந்து சுங்கை வே வரை எந்தச் சாலையிலும் நாம் யாருக்காகவும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அதை வாங்கித் தந்தவர்களும் ஒரு காலத்தில் சட்டம் ஒழுங்குக்கு இடையூறு என்றே சொல்லப்பட்டவர்கள். அடுத்த முறை குழுவில் “கோர்ட் ஆர்டர் இருக்கு” என்று செய்தி வந்தால், பயந்து அப்படியே பிறருக்கு அனுப்பிவிடாதீர்கள். நகல் எங்கே என்று முதலில் கேளுங்கள்.